குளிர்நாட்டுக் காட்டில் ஒரு மரக்கன்று ஏன் சாகிறது?

கோப்பாயிலிருந்து உயர்தர உயிரியல் படிக்கிற ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருந்தார்: "குளிர்நாட்டுக் காடுகளில் மழைக்கும் மண்ணுக்கும் குறைவில்லை. சோளகக் காற்று இல்லை, கட்டாக்காலி மாடு இல்லை. அப்படியிருந்தும் முளைக்கிற கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று படித்தேன். காரணம் சூழலா, பக்கத்தில் நிற்கிற மரங்களா?"

தங்கச்சி, முதலில் மழைக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை விழுகிறது. லண்டனில் அதில் பாதிதான், 600 அளவில். ரொறன்ரோவில் 800 சொச்சம். எங்களுக்கு அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாசியிலிருந்து ஆவணி மட்டும் வெயிலும் காற்றும்தான். அடியில் சுண்ணாம்புக்கல், மேலே மண், பெய்த தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அங்கே மழை குறைவு, ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யும், குளிரில் ஆவியாவதும் குறைவு. ஒரு மரத்துக்கு ஆண்டு மழையை விட முக்கியம், வேர் எட்டுகிற ஆழத்தில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும்.

கட்டாக்காலி மாடு இல்லை என்பது சரி. ஆனால் மான் இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்கே ஓநாய்கள் அழிக்கப்பட்ட பிறகு வெள்ளைவால் மான் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. மான் எல்லாக் கன்றையும் ஒரேமாதிரித் தின்னாது. ஹெம்லொக், ஓக் போன்றவற்றைத் தேடிப் பிடித்துக் கடிக்கும், பன்னத்தைத் தொடாது. விடப்பட்ட பன்னம் முழங்கால் உயரத்துக்குப் பரவி, தப்பிய கன்றுகளுக்கும் வெளிச்சம் போகாமல் மூடிவிடும். காட்டுக்குள் ஒரு துண்டுக்கு உயரமாகக் கம்பிவேலி அடித்துச் சில ஆண்டுகள் விட்டுப் பார்த்தால், வேலிக்கு உள்ளே கன்றுகளும் வெளியே பன்னமுமாக இரண்டு வேறு காடுகள் மாதிரி இருக்கும்.

நான் இந்த விசயத்தைக் கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்டது ஒன்ராறியோவில். அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு மேப்பிள் காடு. சித்திரை கடைசி, பனி கரைந்து முடிகிற நேரம். பெரிய மேப்பிள் மரத்துக்குக் கீழே பழைய இலைச்சருகை ஒதுக்கிப் பார்த்தேன். நாடா மாதிரி நீண்ட இரண்டு வித்திலைகளோடு கன்றுகள், கால் வைக்க இடமில்லாமல். ஒரு சாக்கு விரிக்கிற அளவு இடத்தில் எண்ணத் தொடங்கி அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அப்போது மேலே மரங்களில் இலையே வரவில்லை, வெயில் நேரே தரையில் விழுந்துகொண்டிருந்தது. புரட்டாதியில் திரும்பவும் அதே மரத்தடிக்குப் போனேன். மேலே இலை மூடி, பகலிலேயே மம்மல் பொழுது போல் இருட்டு. கன்றுகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சிலது கழுத்தடியில் கறுத்து மடிந்து கிடந்தன, சிலவற்றில் இலையைப் பூச்சி அரித்திருந்தது, மற்றவை கிடந்த இடமே தெரியவில்லை.

எங்கள் வளவுகளில் வேம்புக்குக் கீழே நடப்பதும் இதே காட்சிதான். மழை விழுந்த கையோடு நூற்றுக்கணக்கில் முளைக்கும், அடுத்த ஆடியில் ஒன்றும் நிற்காது. காகம் எச்சமிட்ட வேலிக்கரையில் கவனிப்பாரற்று ஒன்று மட்டும் ஆள் உயரத்துக்கு வந்து நிற்கும்.

மேப்பிளுக்கு வருவோம். அந்தக் கன்றுகளைக் கொன்றது என்ன? முதற்காரணம் வெளிச்சம். மேப்பிளும் பீச்சும் ஹெம்லொக்கும் அடர்ந்து நிற்கிற காட்டில், உச்சியில் விழுகிற வெயிலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வந்து சேரும். அந்த வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பால் கிடைக்கிற வரவு, பல இனக் கன்றுகளுக்குச் சுவாசத்தில் செலவழிப்பதற்கே காணாது. சுகர் மேப்பிள், பீச் ஆகியவை அந்த வரவுக்குள் சுருங்கி, வளராமல், பல பத்தாண்டுகள் காத்திருக்கத் தெரிந்தவை. பக்கத்து மரம் ஒன்று காற்றில் விழுந்து மேலே இடைவெளி வந்தால் எழும்பிவிடும். பேர்ச், அஸ்பென் போன்றவற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெளிச்சம் இருந்தால் பாய்ந்து வளரும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

விதையின் அளவும் இதில் பெரிய விசயம். கிழங்குப்பாத்தியில் பனங்கொட்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் எல்லாம் கிழங்கு விடுவது எப்படி? கொட்டைக்குள் இருக்கிற சேமிப்புத்தான். வெளியிலிருந்து ஒன்றும் கிடைக்காமலே முதல் சில மாதத்தை ஓட்டிவிடும். ஓக் விதையும் அப்படித்தான், சருகைத் துளைத்து ஆழமாக ஒரு ஆணிவேரை இறக்கிவிட்டுத்தான் மேலே பார்க்கும். பேர்ச் விதை தூசு மாதிரி. இலைச்சருகு தடித்த இடத்தில் விழுந்தால் அதன் வேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். அதனால்தான் மஞ்சள் பேர்ச் கன்றுகளைப் பெரும்பாலும் விழுந்து உக்குகிற மரக்குற்றிகளின் மேலும் வெறும் மண் தெரிகிற இடங்களிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் வடமேற்கில், ஒலிம்பிக் தீபகற்பத்து ஹோ மழைக்காட்டில், சிற்கா ஸ்புரூஸ் மரங்கள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். ஒருவரும் நட்டதல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒரு மரத்தின் முதுகில் முளைத்தவை. கீழே இருந்த குற்றி உக்கி மறைந்துவிட்டது, வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது அயலட்டை. உங்கள் கேள்வியின் மையமே இதுதான்.

காட்டில் அயலட்டையை எப்படி அளக்கிறார்கள்? பனாமாவின் பரோ கொலராடோ தீவில் 1980 இல் 50 ஹெக்டேயர் காட்டை எடுத்து, 1 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் தடித்த ஒவ்வொரு தண்டையும் 1.3 மீற்றர் உயரத்தில் அளந்து, இலக்கத்தகடு கட்டி, வரைபடத்தில் குறித்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பிப் போய் எது இருக்கிறது, எது செத்தது என்று பார்க்கிறார்கள். அதே முறையில் எங்கள் நாட்டுச் சிங்கராஜாவிலும் 25 ஹெக்டேயர் இருக்கிறது. இடைவெப்ப வலயத்தில் பெயர்பெற்ற ஒன்று வடகிழக்குச் சீனாவின் சாங்பாய் மலையில் 2004 இல் தொடங்கிய 25 ஹெக்டேயர் துண்டு. கொரியப் பைன், லிண்டன், மொங்கோலிய ஓக், ஆஷ் எல்லாம் கலந்து நிற்கிற காடு அது. ஒரு மரத்தை நடுவில் வைத்து, சுற்றிப் பத்து இருபது மீற்றருக்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்தினதும் அடிமரக் குறுக்குவெட்டுப் பரப்பை அது நிற்கிற தூரத்தால் வகுத்துக் கூட்டுவார்கள். பெரியது, கிட்ட நிற்பது என்றால் பாரம் கூட. அதில் முக்கியமான ஒரு படி, தன் இனத்து அயலையும் வேற்றினத்து அயலையும் தனித்தனியாகக் கூட்டுவது. ஏனென்றால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

வேற்றினமோ தன்னினமோ, பெரிய மரம் பக்கத்தில் நின்றால் வெளிச்சத்தையும் தண்ணீரையும் பறிக்கும். அது வெறும் போட்டி. கீரைப் பாத்தியில் நெருங்கி முளைத்ததை நாங்கள் கையால் களைந்துவிடுகிறோம். காட்டில் அதைச் செய்ய ஆளில்லை, மெலிந்தவை தாமாகக் கழிகின்றன. ஒரே வயதுக் கூட்டத்தில் மரங்கள் பருக்கப் பருக்க எண்ணிக்கை எந்த விகிதத்தில் குறையும் என்பதை 1963 இல் ஜப்பானின் யோடாவும் கூட்டாளிகளும் ஒரு கணித உறவாகவே எழுதிவிட்டார்கள்.

தன் இனத்து அயல் இதற்கு மேலும் ஒன்று செய்கிறது. 1970 இல் டானியல் ஜான்சனும் 1971 இல் ஜோசப் கொனெலும் வெவ்வேறாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். தாய்மரத்தைச் சுற்றி அந்த இனத்தையே தின்கிற பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் குவிந்திருக்கும், அதனால் தாய்க்குக் கிட்ட விழுந்த பிள்ளைகள் கூடுதலாகச் சாகும், தள்ளி விழுந்தவை தப்பும். வெப்பமண்டலக் காட்டில் ஏன் இத்தனை இனங்கள் என்பதை விளக்கத்தான் இது வந்தது. குளிர்நாட்டுக் காட்டுக்கும் இது பொருந்தும் என்பதை எனக்குத் தெரிந்து மிக அழகாகக் காட்டியது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அலிசா பக்கரும் கீத் கிளேயும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு. எடுத்துக்கொண்டது கறுப்புச் செரி மரம். தாய்மரத்தடி மண்ணைச் சட்டியில் போட்டு விதைத்தால் கன்றுகள் மடிந்தன. அதே மண்ணைக் கிருமி நீக்கிவிட்டு விதைத்தால் நன்றாகப் பிழைத்தன. 25, 30 மீற்றர் தள்ளி எடுத்த மண்ணில் கிருமி நீக்கினாலும் நீக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கொலையாளி பித்தியம் என்ற, பங்கசு போன்ற ஒரு நுண்ணுயிர்.

இந்தப் பெயர் உங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் புதிதல்ல. மிளகாய், தக்காளி நாற்று முளைத்து நாலாம் ஐந்தாம் நாள் கழுத்தடி அழுகி, நிரையாகச் சாய்ந்து கிடக்குமே, அந்த நாற்றழுகலுக்குக் காரணமான கிருமிகளில் பித்தியமும் ஒன்று. என் அப்பு நாற்றுமேடை போட்டதும் அதன் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி நெருப்பு வைப்பார். தணல் மெதுவாக இறங்க வேண்டும், ஒரேயடியாகக் கொழுந்துவிட்டு எரியக்கூடாது என்று ஈரச்சாக்கோடு பக்கத்திலேயே குந்தியிருப்பார். அடுத்த நாள் மண்ணைக் கையால் கிளறி, சூடு ஆறியதைப் பார்த்துவிட்டுத்தான் விதை. ஆய்வுகூடத்தில் மண்ணைக் கிருமி நீக்கியதும் அப்பு செய்ததும் ஒன்றுதான். நோய் மண்ணில் இருக்கிறது என்பதும் மண்ணைச் சுட்டால் கன்று பிழைக்கும் என்பதும் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

செரி மரத்தின் கதை அதோடு நிற்கவில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனிக் காடுகளில் அது அடக்க முடியாத வந்தேறி. 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அங்கே தாய்மரத்தைச் சுற்றி கன்றுகள் நெருக்கமாக நிற்பதையும், அந்த மண்ணின் உயிரிகள் கன்றுகளைத் தடுக்காமல் துணையாக இருப்பதையும் காட்டியது. மரம் அதேதான், மண்ணில் இருக்கிற கூட்டம்தான் வேறு. ஊரில் அடக்கி வைத்த பகையாளி கப்பலேறவில்லை.

சரி, அப்படியானால் தன்னினத்துக்குப் பக்கத்தில் நிற்பது எப்போதும் கெடுதலா? இல்லை. மரத்தின் வேரோடு கூட்டு வாழ்கிற பங்கசுக்கள் இரண்டு பெரிய வகை. மேப்பிள், ஆஷ், செரி ஆகியவற்றில் பங்கசு வேர்க்கலங்களுக்கு உள்ளே புகுந்து வாழும். ஓக், பீச், பேர்ச், பைன், ஹெம்லொக் ஆகியவற்றில் வேர்நுனிக்கு உறை போட்ட மாதிரி வெளியே சுற்றிக்கொள்ளும். வட அமெரிக்காவின் 55 மர இனங்களை வைத்து 2017 இல் வந்த ஓர் ஆய்வில், முதல் வகை மரங்களின் கன்றுகள் தன்னினத்து மண்ணில் நலிந்தன, இரண்டாம் வகைக் கன்றுகள் பொதுவாகத் தன்னினத்து மண்ணிலேயே நன்றாக வந்தன. அந்த உறை கிருமிக்குத் தடையாகவும் இருக்கிறது என்பது ஒரு விளக்கம். ஓக்கும் பீச்சும் பெருங்கூட்டமாக நிற்கிற காடுகள் உருவாவதற்கும் செரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதற்கும் இதில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முழுப் பங்கும் இதற்கே என்று சொல்ல மாட்டேன்.

இனி, உங்கள் கேள்வியில் சூழல் ஒரு பக்கம், அயல் ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறீர்கள். உண்மையில் அயல் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பதே பல இடங்களில் சூழல்தான். ஈரமும் வெளிச்சமும் தாராளமான இடத்தில் பக்கத்தில் நிற்பவன் போட்டியாளன். காய்கிற இடத்தில், உறைகிற இடத்தில், காற்று அறைகிற இடத்தில் அவனே நிழலும் மறைப்பும். 1994 இல் பேர்ட்னெஸ், கலவே இருவரும் இதை ஒரு பொதுக்கருத்தாக வைத்தார்கள். உயர்ந்த மலைகளில் மரம் வளரக்கூடிய கடைசி எல்லைக்குப் போனால் மரங்கள் தனித்தனியே நிற்காமல் ஒன்றையொன்று அணைத்துக் குத்துக்குத்தாக நிற்கும். தெற்கு ஸ்பெயினின் சியரா நெவாடா மலைச்சரிவுகளில் பத்தையை வெட்டித் துப்புரவாக்கி வெளியில் நட்ட கன்றுகளை விட, பத்தையின் நிழலிலேயே நட்டவை கூடுதலாகப் பிழைத்தன. வெயில் படுகிற, காய்ந்த சரிவுகளில்தான் அந்த வித்தியாசம் மிகப் பெரிது.

இதை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இங்கே ஒரு பாடசாலை வளவில் கார்த்திகை மரநடுகைக்கு முதல்நாள் ஆள் வைத்து எல்லாப் பத்தையையும் செருக்கி, நெருப்பு வைத்து, மைதானம் மாதிரி ஆக்கிவிட்டுக் கயிறு பிடித்து நாற்பது கன்று நட்டார்கள். மாரி முடியும் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. பங்குனியில் பிள்ளைகள் வாளியோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினார்கள். சோளகம் தொடங்கியதும் ஒவ்வொன்றாக நுனி கருகியது. ஆவணியில் போய்ப் பார்த்தேன், ஐந்தோ ஆறோ மிச்சம். அதில் மூன்று, மதில் மூலையில் செருக்காமல் விடுபட்ட ஒரு நாயுண்ணிப் பற்றைக்கு ஒதுக்கமாக நின்றவை. பற்றை கன்றின் தண்ணீரில் கொஞ்சம் குடித்திருக்கும். ஆனால் காற்றையும் மத்தியான வெயிலையும் ஆட்டின் வாயையும் அதுதான் மறித்தது. மேப்பிள் காட்டில் அதே பற்றை நின்றிருந்தால் கன்று இருட்டில் செத்திருக்கும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைந்து உருகும்போது காழ்க்கலன்களில் காற்றுக்குமிழி உண்டாகித் தண்ணீர் ஏறுவது தடைப்படும். வசந்தத்தில் இலை விரிந்த பிறகு திடீரென்று விழுகிற உறைபனி தளிரைக் கருக்கிவிடும். அந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் இதற்குப் பழகியவை. கடுங்குளிர் அவற்றுக்கு உதவியும் செய்கிறது: ஜப்பானிலிருந்து போய்ச் சேர்ந்து ஹெம்லொக் மரங்களைச் சப்பிக் கொல்கிற பஞ்சு போர்த்த ஒரு சின்னப் பூச்சி, கடுமையான மாரிகளில் பெருமளவில் சாகும். மாரி இளக இளக அது வடக்கே ஏறுகிறது.

கன்றாக இருக்கும்போது தப்பி வளர்ந்த மரத்துக்கு ஆபத்து குறைவு. முதிர்ந்த காடுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் பெரிய மரங்கள் சாகும். ஆனால் அந்தச் சாவுக்கு ஒற்றைக் காரணம் தேடக்கூடாது. அமெரிக்க மரநோய் அறிஞர் போல் மேனியன் 1981 இல் சொன்ன படிமுறை எனக்கு மிகவும் உதவியது: முதலில் நீண்டகாலமாக மெலிய வைப்பது, பிறகு திடீரென்று அடிப்பது, கடைசியில் வந்து முடித்துவிடுவது. மத்திய ஐரோப்பாவின் ஸ்புரூஸ் மரங்களில் இதை அப்படியே பார்க்கலாம். குளிர்மலைக்குரிய, வேர் மேலோட்டமாக ஓடுகிற அந்த மரத்தைச் சமவெளியில் தோட்டம் தோட்டமாக நட்டு வைத்தார்கள். அது மெலிவு. 2018 இல் தொடங்கி அடுத்தடுத்து வரட்சி. அது அடி. தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் வடிவது குறையும், பட்டை வண்டைத் தடுப்பதே அந்தப் பிசின்தான். உள்ளே போன வண்டு மணத்தை விட்டு மற்ற வண்டுகளைக் கூப்பிடும், பெருகும், பக்கத்து மரத்துக்குப் போகும். பக்கத்து மரமும் ஸ்புரூஸ். கன்றாக இருக்கும்போது தன்னினத்து அயலால் வருகிற ஆபத்து, வளர்ந்த பிறகு இப்படி வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. இடையிடையே பீச்சோ ஓக்கோ நின்றிருந்தால் வண்டுக்கு இவ்வளவு சுகமாக இருந்திராது.

வெளியிலிருந்து வந்த நோய் என்றால் இந்தப் படிமுறை கூடத் தேவையில்லை. 1904 இல் நியூயோர்க்கில் முதன்முதல் கவனிக்கப்பட்ட ஒரு பங்கசு, சில பத்தாண்டுகளில் கிழக்கு அமெரிக்காவின் செஸ்ட்நட் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. 2002 இல் டெற்றோயிற் அருகே கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு ஆஷ் மரங்களுக்கு அதையே செய்துகொண்டிருக்கிறது. நல்ல மண்ணில், நல்ல ஈரத்தில், திடகாத்திரமாக நின்ற மரங்களும் விழுந்தன.

பரீட்சைக்கு எழுதும்போது, தங்கச்சி, கன்று, இளமரம், முதுமரம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கன்றுக்கு வெளிச்சமும் தாய்மண் கிருமியும், இளமரத்துக்கு அயலாரின் போட்டி, முதுமரத்துக்கு வரட்சி, காற்று, வண்டு. பரீட்சை முடிந்த பிறகு வளவில் ஒரு வேலை செய்யலாம். இந்த மாரியில் வேம்புக்குக் கீழே முளைக்கிற கன்றுகளில், அடிமரத்திலிருந்து ஒரு பாகம் (இரண்டு கையும் விரித்த நீளம்), ஐந்து பாகம், பத்துப் பாகம் தூரத்தில் இருபது இருபதாக எடுத்து ஈர்க்குக்குச்சி குத்தி நூல் கட்டி விடுங்கள். வேலிக்கரையில் நிற்பவற்றையும் சேருங்கள். தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை எண்ணி, செத்தது எப்படிச் செத்தது என்று பக்கத்தில் குறியுங்கள்: கழுத்தடி கறுத்ததா, நுனி கருகியதா, ஆடு கடித்ததா. நாலு கொப்பித்தாள் போதும். ஆடி எண்ணிக்கை கையில் வந்ததும் எனக்கும் எழுதி அனுப்புங்கள்.